அனுமதி பெற்ற அழுகை

காது கேளாத சுடர்விழிக்கு அலுவலகம் கொடுத்த செயற்கைக் காது மூடிய வகை. அதைச் செய்த நிறுவனம் அனுமதித்த ஒலிகள் மட்டுமே உள்ளே வரும். மீட்டிங்கிலோ வீட்டிலோ யார் பேசினாலும் கணீரென்று கேட்கும். தொட்டிலில் பிள்ளை வீறிட்டால் கேட்காது.

அழுகையை உள்ளே விட அவளே ஒரு செயலி எழுதி அனுப்பினாள். தொழில் பயன்பாடு இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"பேசாம என்னை மாதிரி திறந்த காதுக்கு மாறிக்கயேன், சுடர். எதை வேணா போட்டுக்கலாம்," என்றான் அவளைப் போலவே காது கேளாத கணவன் கபிலன்.

"உங்களுக்குக் குளிக்கும்போதுகூட நகைக்கடை விளம்பரம் கேக்குது. எங்க ஆபீஸ் சாஃப்ட்வேரும் அதுல ஓடாது. அப்புறம் வேலைக்கு எங்கங்க போறது?"

கம்பெனிகளுக்கே மென்பொருள் எழுதிப் பழகியவள் அவள். பரிசீலனைக்காரர்கள் எதற்குத் தலையாட்டுவார்கள் என்று தெரியும். செயலியில் பெயர்களை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினாள். பிள்ளை இமயன் வாடிக்கையாளர் ஆனான். அவன் அழுகை அவசரப் புகார் ஆனது. மறுநாளே அனுமதி வந்துவிட்டது.

அன்று மாலை முதன்முறையாக அவன் அழுவது கேட்டது. ஓடிப்போய்த் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அழுகை ஓய்ந்தது.

"புகார் தீர்ந்ததா?" என்று காது பணிவாக விசாரித்தது.

"தீர்ந்துச்சு, தீர்ந்துச்சு," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இமயன் அவள் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டு உடம்பெல்லாம் குலுங்கினான்.

"கேட்டியா, எப்படிச் சிரிக்கிறான் பாரு!" என்றான் கபிலன்.

சுடர்விழிக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் சிரிப்பதற்கென்று அங்கே ஒரு பிரிவே இல்லை.