மீசை முளைக்காத மூப்பர்கள்

"பெரியவர் எங்கே தம்பி? உங்களை முன்னால அனுப்பிட்டு, மேடு ஏற முடியாம பின்னாடி வர்றாரா?"

"நாங்கதான் சார் பெரியவங்க" என்றான் தேவசகாயம்.

சொக்கலிங்கம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, தோளில் பை. முளைக்கலாமா வேண்டாமா என்று மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் வயசு.

"எங்க மார்மன் சபையில ஊழியத்துக்குக் கிளம்பிட்டா சின்னப் பையனும் எல்டர்தான் சார். மூப்பர்னு அர்த்தம். நான் மூப்பர் தேவசகாயம். இவர் மூப்பர் பாக்கியநாதன்."

"அப்ப நான் யாரு? தொட்டில் குழந்தையா?" சொக்கலிங்கம் குலுங்கிச் சிரித்தார். "சரி, வேகாத வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல டீ குடிங்க."

"நாங்க டீ குடிக்கறதில்லை சார்."

"காபி?"

"அதுவும் விலக்கு சார்."

சிரிப்பு பட்டென்று அணைந்தது. "கடல் தாண்டி வந்து என் வீட்டு டீயை வேணாங்கறவன் எனக்கு எந்தச் சாமியைக் காட்டி என்ன? சலோ, சலோ!"

கதவு சாத்திக்கொண்டது.

போர்ட்பிளேரில் அவர்கள் முகத்தில் சாத்தப்பட்ட கதவுகளையெல்லாம் கழற்றி அடுக்கியிருந்தால், மெட்ராசுக்கே ஒரு பாலம் போட்டிருக்கலாம். மழை பெய்தால் டையின் சாயம் சட்டையில் இறங்கியது. வெயில் அடித்தால் அதே டை கழுத்தை நெரித்தது. லம்பா லைன் தெருக்களில் நாய்கள்கூட அவர்களை இந்தியில்தான் விரட்டின.

"ஒரு வாய் டீ குடிச்சா மோட்சம் போயிடுமா மூப்பரே?" என்று முனகினான் பாக்கியநாதன்.

"வாயை மூடும் மூப்பரே! அடுத்த கப்பலுக்குள்ள ஒரு குடும்பமாவது நம்ம பக்கம் வரலைன்னா ரெண்டு பேரையும் திருப்பிக் கூப்பிட்டுக்குவோம்னு கோயம்புத்தூர் சபை ஆபீஸ்ல சொல்லியாச்சு. உமக்கென்ன, ஊருக்குப் போய் நிம்மதியாத் தூங்குவீர். எங்கப்பா என்னைப் புண்ணாக்குக் கடையில உட்கார வெச்சுடுவார். ஆயுசுக்கும்!"

அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தேவசகாயம் அலுத்துப்போன குரலில் பாடத்தை ஆரம்பித்தான்.

"வணக்கம்மா. நாங்க மிஷன்லேர்ந்து வர்றோம்..."

ஈரப் புடவை மண்ணில் விழுந்தது.

"மிஷன்காரங்களா! அரே பாப்ரே! கப்பல்லயா வந்தீங்க?"

"ஆமாம்மா..."

"மெயின்லேண்ட் போற ஆளு ஒருத்தரை விடாம உங்களுக்குச் சொல்லி அனுப்பினேனே! உள்ள வாங்க தம்பி, உள்ள வாங்க!"

பாக்கியநாதன் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான். சந்திரமதி என்று பேர் சொன்ன அந்த அம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதுவே பாதி மோட்சம்.

"உங்க மனசுல என்னம்மா பாரம்?" என்றான் தேவசகாயம், கனிவாக.

"அதையேன் கேக்கறீங்க! கல்யாணமான கையோட என்கூடக் கப்பலேறி வந்தது தம்பி. அன்னிலேர்ந்து இந்த வீட்டுக்காக ராப்பகலா ஓடுச்சு. அது ஓடினதாலதான் என் பொண்ணுங்க வயிறு ரொம்புச்சு. இப்ப மூலையில கிடக்குது. அசைய மாட்டேங்குது."

தேவசகாயம் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டான். பாவம், புருஷன்! அவனுடைய அத்தையும் மாமாவை 'அது' என்றுதான் சொல்வாள்.

"யாரும் வந்து பார்க்கலையாம்மா?"

"ஒரு பெங்காலி பாபு வந்தான். தட்டித் தட்டிப் பார்த்தான். 'பெஹன்ஜி, யே தோ கதம்', கதை முடிஞ்சுதுன்னு கையை விரிச்சுட்டான். தூக்கிக் கடல்ல போடுன்னு வேற சொல்லிட்டுப் போறான், பாவி!"

"கடல்லயா!" பாக்கியநாதன் எழுந்தே நின்றுவிட்டான்.

"கை காலெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்றான் தேவசகாயம்.

"கால்தான் சுத்தமா வரலை. தலை லேசா ஆடுது. தொட்டா ஒரே கத்தல். அக்கம்பக்கத்துல தூங்க முடியலையாம்."

"எங்க மேல நம்பிக்கை இருக்காம்மா?"

"உங்களை நம்பாம வேற யாரை நம்பறது? இதை மட்டும் எழுப்பிக் குடுத்துடுங்க, நீங்க சொன்னபடி கேக்கறேன்."

"குடும்பத்தோடவா?"

"குடும்பத்தோட!"

தேவசகாயத்தின் இரண்டு காதிலும் தேவதூதர்கள் எக்காளம் ஊதினார்கள். நோயாளியின் தலையில் ஜெபித்த எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கை வைத்து வேண்டிக்கொள்வது அவர்கள் சபை வழக்கம். பைக்குள் கைவிட்டுச் சின்னக் குப்பியை எடுத்தான்.

அதைப் பார்த்ததும் சந்திரமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "எண்ணெயைக்கூடக் கையோட கொண்டு வந்துட்டீங்களா!"

"ஒரு சொட்டு போதும்மா. தலையில விடணும்."

"தலையிலயா? புத்தி கெட்டவ, நான் காலுக்கே விட்டுக்கிட்டிருந்தேன்!"

உள்ளறையின் மூலையில், பழைய போர்வை மூடி, கூனிக் குறுகி ஓர் உருவம். மூப்பர்கள் இருவரும் மண்டியிட்டார்கள். தேவசகாயம் கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு கையில் குப்பியைச் சாய்த்தான், மறு கையை நீட்டினான். சந்திரமதி போர்வையை உருவினாள்.

சொட்டு விழுந்தது. உள்ளங்கையில் சில்லென்று இரும்பு தட்டியது.

கண்ணைத் திறந்தால், எதிரே துருப்பிடித்துப்போன ஒரு தையல் மிஷன்.

சந்திரமதி பூரித்துப்போய் ஜன்னலில் எக்கி அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்: "அக்கா, ஓடி வாங்க! கம்பெனியில இந்தத் தடவை தொழில் தெரிஞ்ச மிஷன்காரங்களா அனுப்பியிருக்காங்க, கண்ணை மூடிக்கிட்டே ரிப்பேர் பாக்கறாங்க!"