புதன்கிழமைப் பேச்சு

1991 ஐப்பசி மழை ஒரகடம் பக்கத்து மேட்டு நிலங்களையெல்லாம் அரித்துக்கொண்டு போயிருந்தது. மெர்சியின் கடலைக்கொல்லையில் மட்டும் ஒரு பிடி மண் குறையவில்லை.

மண்ணைக் காக்கும் முறைகளைத் தொகுத்து எல்லா ஊருக்கும் புத்தகமாகக் கொடுப்பதற்காகக் குறிப்பெடுக்க வந்திருந்த வேளாண் அதிகாரி ஏகாம்பரநாதன் அசந்துபோனார்.

"என்னம்மா செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தார்.

"சரிவுக்குக் குறுக்கால வரப்பு போட்டோம் சார். சருகைக் கொளுத்தாம மண்ணு மேலயே பரப்பி வச்சோம். கடலைக்கு நடுவுல காராமணி வுட்டோம்."

"யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"புதன்கிழமை சாயங்காலம் ரேடியோல ஒரு ஆபீசர் பேசுவாரே, எல்லாம் அவராலதான்."

ஏகாம்பரநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஆபீசர் அவரேதான். மேலிடத்திலிருந்து வரும் தாளை வானொலி நிலையத்தில் அப்படியே படித்துவிட்டு வருவார். என்ன படித்தோம் என்பது வாசலைத் தாண்டினால் மறந்துவிடும். அதையும் கேட்க ஒரு ஜீவன் இருக்கிறதே! 'நான்தான்' என்று சொல்ல வாய் துடித்தது. இன்னும் கொஞ்சம் புகழ்ச்சியைக் கேட்டுவிட்டுச் சொல்லலாமென்று அடக்கிக்கொண்டார்.

"அவ்வளவு நல்லாப் பேசுவாரா?"

"மொத வருசம் அவர் சொன்ன மாதிரியே செஞ்சோம் சார். பாதிக் கொல்லை ஏரிக்குப் போயிடுச்சு. அதுலேர்ந்து அவர் எதைச் சொன்னாலும் தலைகீழா மாத்திச் செய்றோம். ஒரு தபா கூடத் தப்பல."

ஏகாம்பரநாதனின் பேனா நின்றது. தொண்டையைச் செருமிக் குரலை மாற்றிக்கொண்டு, "அப்போ அவரை நிறுத்திடச் சொல்லட்டுமா?" என்றார்.

மெர்சி பதறிப்போனாள்.

"ஐயையோ, வேணாம் சார்! அவரு இன்னா போடச் சொல்றாருன்னு கேட்டாதான, எதைப் போடக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும்!"