மூன்று ஆதாரங்கள்

மலேசியாவில் சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியின் வெள்ளிவிழா மலருக்கு ஆளாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். தொகுத்தவர் தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற ஆரோக்கியநாதன். ஆதாரம் இல்லாத ஒரு வரியைக்கூட அவர் மலருக்குள் விடவில்லை.

“கிராணி ஐயா, பள்ளிக்கூடத்தைத் தோட்டத்துத் துரை கட்டினாருன்னு போட்டிருக்கீங்களாமே? பால்மரத்துல பால் வெட்டி முடிச்சிட்டு வந்து, ஆத்துக் கல்லைத் தலையில சுமந்தது நாங்கதான்லா!” என்றாள் தோட்டத்தில் வேலை செய்த விக்டோரியா.

“எழுத்துல இருக்கா?”

“எங்களுக்கு எழுதத் தெரிஞ்சாத்தானே?”

அவர் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். 1954-ஆம் ஆண்டுப் பத்திரிகைத் துண்டு. பிற்பாடு வந்த, தோட்டங்களைப் பற்றிய ஒரு புத்தகம். அதற்கும் பிறகு பதித்த பள்ளிக் கல்வெட்டைப் பார்த்து எழுதிய தாள்.

“மூணு ஆதாரம். மூணும் துரைன்னுதான் சொல்லுது.”

“படிங்க, கேக்கறேன்.”

மூன்றையும் படித்தார்.

“மூணுலயும் ‘தன்னந்தனியாக, ஆறே மாதத்தில்’னு வருதே! ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதியிருக்காங்க. முதல்ல பேப்பர்ல எழுதினவன் யாரு? அவன் கண்ணால பார்த்தானா?”

பத்திரிகைத் துண்டின் அடியில் ‘நமது நிருபர்’ என்று மட்டும் இருந்தது. ஆரோக்கியநாதன் பேனாவை எடுத்து, துரை கட்டியதாகச் சொன்ன வரியை அடித்தார்.

“கல் சுமந்தவங்க பேரையெல்லாம் சொல்லு. எழுதிக்கிறேன்.”

“ஆதாரம் கேப்பீங்களே?”

“அந்த நிருபர் பார்த்தான், விக்டோரியா.” அவர் தலை நிமிரவில்லை. “ஆபீஸ் ஜன்னல்ல நின்னு தினமும் பார்த்தேன். துரை சொன்னதைத்தான் பேப்பருக்கு எழுதினேன்.”