இரவல் வாய்

கதவைத் தாழிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில், தாடியை ஒழுங்காகக் கத்தரித்திருந்த மேனேஜர் மூன்றாவது கேள்விக்கு வந்திருந்தார்.

“டேட்டாபேஸ்ல ஒரே பேர் ரெண்டு தடவை பதிவாயிருக்கு. என்ன செய்வீங்க?”

அவள் குரல் பிசிறவில்லை. “உடனே ஒண்ணை அழிச்சுட மாட்டேன். பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் ஒப்பிட்டு, ரெண்டும் ஒரே ஆள்தானான்னு முதல்ல பார்ப்பேன். இப்படித்தான் ஒரு பல் கிளினிக்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்து, ஒருத்தருக்குப் பிடுங்க வேண்டிய பல்லை இன்னொருத்தருக்குப் பிடுங்கிட்டாங்க.”

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். “பிரமாதம்! அனுபவம் பேசுது, தம்பி!”

அந்தத் தம்பி, திரையின் மறுபாதியில் டை கட்டி உட்கார்ந்திருந்த இளைஞன். அவன் காதுக்குள் ஒளித்து வைத்திருந்த கருவியில் அவள் சொல்லச் சொல்ல, ஒரு மூச்சு தள்ளி அவன் ஒப்பித்துக்கொண்டிருந்தான். அவனுடைய திரை அவளுக்கும் தெரிகிற மாதிரி, இந்த வேலையை அவளுக்குக் கொடுத்த ஏஜென்ட் ஏற்பாடு செய்திருந்தார்.

அவளுக்கு அடிவயிற்றைப் புரட்டியது. பதினாலு வருஷம் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்து, அடுத்தவர் துப்பிய ரத்தத்தையும் சீழையும் கழுவியவள் அவள். அப்போதெல்லாம் ஒருநாள்கூட இப்படிப் புரட்டியதில்லை.

முப்பத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, இரண்டு வருஷம் உருண்டு புரண்டு புரோகிராம் எழுதப் படித்தாள். வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினாள். அப்புறம் பதினோரு கம்பெனி ஏறி இறங்கினாள்.

பதினோராவது இந்த மேனேஜர்தான். ஆறு மாதத்துக்கு முன்னால், பதிலை யோசிக்க அவள் இரண்டு நொடி நிறுத்தியதும், “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்கம்மா, எனக்கு நேரமில்ல” என்றார். கிளினிக் அனுபவத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, “பல் கதையெல்லாம் இங்க எதுக்கு?” என்றார். நாலே நிமிஷத்தில் முடித்து அனுப்பிவிட்டார்.

இன்றைக்கு அதே வாய் தேனாக ஒழுகியது. “நல்லா நிறுத்தி, யோசிச்சுப் பேசறீங்க. இந்த நிதானம்தான் எங்களுக்கு வேணும்.” பையன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பதினோராவது நிராகரிப்புக்குப் பிறகுதான் ஏஜென்ட் அவளைப் பிடித்தார். “அக்கா, உங்க மூளைக்கு இங்க ஏகப்பட்ட கிராக்கி. மூஞ்சிதான் வேண்டாங்கறாங்க” என்று பல்லைக் காட்டினார். மாமியார் இன்றும் தெருவெல்லாம், “எங்க மருமக சாஃப்ட்வேர்ல இருக்கா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மேனேஜர் கையிலிருந்த தாளைப் பார்த்து அடுத்த கேள்வியை வாசித்தார். “யூசர் பாஸ்வேர்டை மறந்துட்டார். அவரோட பழைய பாஸ்வேர்டை எடுத்து எப்படி மெயில்ல அனுப்புவீங்க?”

“இதென்ன கூத்து! கேள்வியே தப்பு. பழைய பாஸ்வேர்டை எடுக்கற மாதிரியா யாராவது வெச்சிருப்பாங்க?” அவள் தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

பையன் கிளிப்பிள்ளை மாதிரி அதையும் அப்படியே ஒப்பித்துவிட்டான்.

மேனேஜர் முகம் வெளிறியது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். “உங்களைச் சோதிக்கத்தான் அப்படிக் கேட்டேன்” என்றார். அதற்கு மேல் கேள்வி வரவில்லை. “திங்கட்கிழமையே வந்து சேர்ந்துடுங்க.”

அடுத்த நிமிஷம் ஏஜென்ட் போனில் வந்தார். “கலக்கிட்டீங்க அக்கா! நாலு மணிக்கு அடுத்த ஆள்.”

“எனக்குக் குமட்டுதுங்க. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.” பட்டென்று வைத்தாள்.

குழாயடிக்குப் போய் மூன்று தடவை வாயைக் கொப்பளித்தாள். “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று மாமியார் எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல அத்தை. வாய் கசக்குது.”

கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. அறைக்குத் திரும்பி, ஆறு மாதத்துக்கு முன்னால் தன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அந்த மேனேஜரின் நம்பரைத் தேடி அழுத்தினாள்.

“சார், ஆறு மாசத்துக்கு முன்னாடி நாலு நிமிஷத்துல என்னை விரட்டிட்டீங்க. பல் கிளினிக்ல வேலை பார்த்தவ. ஞாபகம் இருக்கா? இன்னிக்கு நீங்க ஆகா ஓகோன்னு பாராட்டினீங்களே, அதுல ஒரு வார்த்தைகூட அந்தப் பையனோடது இல்ல. அத்தனையும் நான் அவன் காதுல ஓதினது. கேள்வி தப்புன்னு சொன்னதும் நான்தான். போலீஸுக்குப் போறதுன்னா போங்க. இனிமே இந்த அசிங்கம் எனக்கு வேண்டாம்.”

கத்துவார் என்று காத்திருந்தாள். ‘அப்படின்னா நீங்களே வந்து சேருங்க’ என்று சொல்லிவிட மாட்டாரா என்று நெஞ்சின் ஒரு மூலை ஏங்கியது. அப்படி ஏங்கிய தன்னை நினைத்தும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்டது. திரும்பி வந்த குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்திருந்தது.

“மேடம், வெள்ளிக்கிழமை வேற கம்பெனியில எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. நீங்க ஃப்ரீயா?”