மணப்பாட்டில் வழக்கமில்லாத அலைகள்

மணப்பாடு ரேடார் நிலையத்தில் அலை அறிக்கை வாசிப்பவள் ஜெசிந்தா. அந்த ரேடார் காட்டும் கடல்தான் கரையோரத்தில் எல்லா வீட்டு அடுப்படித் திரையிலும் ஓடும். படகு கிழித்துப்போகும் கோடுகூட அதற்குத் தப்பாது.

இன்று காலை விசைப்படகுக்காரன் அமலதாஸ் வளைந்து வளைந்து ஓட்டி, "ஜெசிந்தா, கட்டிக்கிறியா?" என்று கடலிலேயே எழுதிவிட்டான். அவள் மட்டும்தான் பார்ப்பாள் என்று நினைத்துவிட்டான், மடையன்.

உடனே அப்பா போனில் வந்தார். "ஊரே பாக்குது. குழம்பு தீயுறதுகூடத் தெரியாம உங்கம்மா திரை முன்னால நிக்கா. என்ன பதில் சொல்லப்போற?"

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

"மணப்பாட்டுக்குத் தெற்கே வழக்கமில்லாத அலைகள். சம்பந்தப்பட்ட படகு உடனே கரை திரும்பவும். மாலை நாலு மணிக்குத் தாயாரை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரவும். மற்ற படகுகள் வழக்கம்போல் தொழில் செய்யலாம்."