பெயர் விட்டுப்போன பத்திரிகை

மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்க மாட்டேன் என்று எங்கள் வீட்டுப் பிரிண்டர் மறுத்துவிட்டது. அணைத்துப் போட்டேன். காகிதத்தை உருவித் திரும்பச் செருகினேன். மைப் புட்டியைக் குலுக்கினேன். நான் எல்லாம் செய்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு அது சொன்னது: “காகிதம் இருக்குதுங்க, மையும் இருக்குதுங்க. பொண்ணோட சித்தப்பா பேருதானுங்க இல்லை.”

சித்தப்பா என்பது என் தம்பி மோகனசுந்தரம். பக்கத்துத் தெருவில் இருக்கிறான். ஒரு சுற்றுச்சுவர் தகராறில் பேச்சு நின்று பதினோரு வருடம்.

“அவன் பேரைப் போடறதுக்குப் பதிலா என் பேரையே எடுத்துரு” என்றேன்.

“அப்ப ரெண்டு பேரு குறையுமுங்க. அதையும் அடிக்க முடியாதுங்க.”

மூன்று நாள் பிடிவாதமாக இருந்தேன். முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் பாக்கி. “ஏனுங்க, கல்யாணம் பொண்ணுக்கா, உங்க வீம்புக்கா?” என்றாள் என் மனைவி வளர்மதி. பெயரைச் சேர்த்தேன். முந்நூறு பத்திரிகையும் மூச்சுவிடாமல் வந்து விழுந்தன.

ஒன்றை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். வாங்கிப் படித்தான். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அவன் வீட்டுப் பிரிண்டர் முன்னால் நிறுத்தினான்.

“பையன் கல்யாணம் மூணு தடவை தள்ளிப்போச்சுங்கண்ணா. பெரியப்பா பேரில்லாம அடிக்க மாட்டேங்குது இந்தச் சனியன்.”

அங்கேயே என் பெயரைச் சேர்த்தான். சூடாக வந்த பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு என்னிடம் கொடுத்தான். அந்த மிசினைக் கும்பிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவன் கும்பிட்டுவிட்டான்.