பனியில் அறுந்த பாவு

யுத்தத்தால் நூலுக்குத் தட்டுப்பாடான காலம். திருத்தணி மலை மார்கழிப் பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. அடிவாரத்து நெசவாளர் தெருவில் ஜெயம்மாள் தறிக்காக விடியலில் நீட்டிக் கட்டிய பாவு நூல், வெள்ளை ஓடைபோலக் கிடந்தது. நடுவில் மட்டும் இழைகள் அறுந்து தொங்கின.

"எந்த வூட்டுக் கன்னுக்குட்டியோ மிதிச்சிட்டுப் பூட்டுதுடி!" என்று புலம்பினாள் ஜெயம்மாள்.

கூப்பிடாமலே வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டு வரலட்சுமி, அறுந்த இழைகளை முடிந்தாள். நூல் விறைக்க, வெயில் ஏறுமுன் பாவுக்குக் கஞ்சி போட்டாக வேண்டும். கனவில்போல, முடிய முடிய இழைகள் வந்துகொண்டே இருந்தன.

"யார் வூட்டுப் பாவுன்னாலும் உன் வூட்டுக்காரரு மொத ஆளா கஞ்சி பிரஷ்ஷ எடுப்பாரே, எங்க காணோம்?"

"காய்ச்சல்க்கா. போத்திகினு படுத்திருக்காரு."

கடைசி இழையை முடிந்துவிட்டு வரலட்சுமி நிமிர்ந்தாள்.

"அக்கா, அது எங்க கன்னுதான். நான் கயித்த சரியா கட்டல. அவரு வாசப் படல சாத்தல. மூஞ்சிய காட்ட முடியாமதான் படுத்துகினாரு."

ஜெயம்மாள் சிரித்துவிட்டாள். "மிதிச்சது எங்க கன்னுடி. உங்களுது பின்னால நின்னு வேடிக்க பார்த்துச்சு."

"இத மொதல்லியே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, இத்தினி இழையும் நான் ஒருத்தியா முடியறதா?"

வரலட்சுமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க, மிதிச்சது நம்ம கன்னு இல்லியாம்!"

பனிக்குள் படல் திறந்தது. போர்வையை உதறிவிட்டு, பிரஷ்ஷும் கையுமாக வந்தார் பரந்தாமன்.

"வெயில் ஏறுது. பொம்பளைங்க இன்னும் இன்னா கத பேசிகினு?"